கன்சோலும் சொந்த சர்வரும்: புதுக்கோட்டை வீட்டிலிருந்து இரண்டு வழிகள்

புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,940 கிலோமீட்டர். துபாய் ஏறக்குறைய 2,980. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே தூரம். பொன்னமராவதி, அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று இந்த மாவட்டத்தின் எந்தப் பக்கம் போனாலும், தெருவுக்குச் சிலராவது இந்த இரண்டு திசைகளில் ஒன்றில் வேலையில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது அவர்கள் பெட்டியில் கொண்டுவரும் பொருள்களில் இப்போது கேம் கன்சோலும் சேர்ந்துவிட்டது. நிண்டெண்டோ நிறுவனம் இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவே இல்லை. ஆகவே நம் ஊரில் ஒரு வீட்டில் ஸ்விட்ச் இருந்தால், அது வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும், அல்லது வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் கடையில் வாங்கியிருக்கும்.

பெட்டி வந்துவிடுகிறது. கொண்டுவந்தவர் விடுமுறை முடிந்து திரும்பிப் போகிறார். அப்புறம் பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அப்பா அங்கேயிருந்தும் நான் இங்கேயிருந்தும் ஒரே உலகத்தில் வீடு கட்ட முடியுமா? மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைகள் 'உலகம்' என்றுதான் சொல்கிறார்கள். நாள் முழுக்க அணையாமல், யார் எப்போது வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய உலகம் வேண்டுமென்றால், குடும்பத்துக்கென்று ஒரு சர்வர் வேண்டும். சர்வர் வைப்பது கடினமான வேலையல்ல. அந்தச் சர்வருக்குள் கன்சோலை நுழைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கைபேசி, விண்டோஸ், கன்சோல் எல்லாவற்றிலும் ஒன்றாக ஆடக்கூடிய மைன்கிராஃப்டின் பெயர் 'பெட்ராக்' பதிப்பு. 2017 செப்டம்பர் 20 அன்று எக்ஸ்பாக்ஸ் ஒன், விண்டோஸ் 10, கைபேசிகள் மூன்றும் ஒரே ஆட்டமாக இணைந்தன. 2018 ஜூன் 21-இல் ஸ்விட்ச் சேர்ந்தது. சோனி நெடுநாள் தயங்கி, 2019 டிசம்பர் 10-இல் பிளேஸ்டேஷன் 4-ஐ உள்ளே விட்டது. குடும்பமாக ஆடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. அதோடு, சொந்தமாக நடத்துவதற்கான சர்வர் மென்பொருளையும் மைன்கிராஃப்டை நடத்தும் நிறுவனமே 2018 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. கைபேசியில் ஆட்டத்தைத் திறந்தால் 'சர்வரைச் சேர்' என்று ஒரு பொத்தான் இருக்கும்; முகவரியைத் தட்டினால் முடிந்தது. கன்சோலில் மட்டும் அந்தப் பொத்தான் கிடையாது. ஹைவ், கியூப்கிராஃப்ட், லைஃப்போட் என்று நிறுவனம் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட சில பெரிய சர்வர்களின் பட்டியல் மட்டும் தெரியும். ஒரே ஆட்டம், ஒரே பதிப்பு, அதே சர்வர். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய கைபேசி நுழையும் இடத்தில், அதைப்போல் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய கன்சோல் வெளியே நிற்கிறது. இது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

பூட்டிய கதவுக்கு ஆட்டக்காரர்களே இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்றைப் பெயர்வழி என்றும் மற்றதைப் பக்கத்து வழி என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். இரண்டுமே கன்சோலைத் திறப்பதோ மென்பொருளை மாற்றுவதோ இல்லை. கன்சோல் எதைக் கேட்கிறதோ, அதற்கு வேறு ஒரு பதிலைக் கொடுத்து நம்பவைக்கின்றன. எந்தக் கேள்விக்கு, எங்கே உட்கார்ந்து பதில் சொல்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

பெயர்வழி இப்படி. பட்டியலில் உள்ள ஒரு சர்வரை நீங்கள் தொட்டதும், கன்சோல் அதன் பெயரை டிஎன்எஸ் என்னும் பெயர்ச் சேவையிடம் கொடுத்து எண்முகவரியைக் கேட்கும். வழக்கமாக அந்தச் சேவை உங்கள் நெட் நிறுவனத்துடையது. கன்சோலின் நெட்வொர்க் அமைப்புக்குள் போய், டிஎன்எஸ்ஸைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, வேறொரு டிஎன்எஸ் சர்வரின் எண்ணைப் போட்டுவிட்டால், பதில் அங்கிருந்து வரும். 'ஹைவ் எங்கே?' என்று கன்சோல் கேட்க, 'இதோ இங்கே' என்று அது வேறொரு இடத்தைக் காட்டும். அங்கே காத்திருப்பது பெட்ராக்கனெக்ட் போன்ற ஓர் இடைமென்பொருள். அது ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பட்டியலைத் திறந்து, 'எந்த சர்வருக்குப் போகவேண்டும்? முகவரியைக் கொடு' என்று கேட்கும். கொடுத்ததும், மைன்கிராஃப்டில் இயல்பாகவே உள்ள இடமாற்றக் கட்டளை ஒன்றை அனுப்பி, கன்சோலை உங்கள் சர்வருக்கு அனுப்பிவைக்கும். ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் டிஎன்எஸ் மாற்றும் இடம் உண்டு என்பதால் மூன்றுக்கும் இந்த வழி பொருந்தும்.

பக்கத்து வழிக்குப் பெயரோடு தொடர்பே இல்லை. மைன்கிராஃப்ட் திறந்திருக்கும்போது, அதே வைஃபையில் வேறு யாராவது உலகம் திறந்து வைத்திருக்கிறார்களா என்று வீட்டுக்குள் எல்லோருக்குமாக ஒரு குரல் கொடுக்கும். பல ஆண்டுகளாக அந்தக் குரல் போகும் கதவு எண் 19132. யாராவது பதில் கொடுத்தால், நண்பர்கள் பட்டியலில் 'பக்கத்து விளையாட்டு' என்று அது தோன்றும். ஃபாண்டம் என்ற சிறு மென்பொருளை வீட்டில் ஒரு கணினியில் ஓடவிட்டால், அந்தக் குரலுக்கு அது பதில் சொல்லும். அதைப் பக்கத்து அறையிலுள்ள ஆட்டம் என்று நம்பிக் கன்சோல் நுழையும். உண்மையில் உள்ளே வருவதையெல்லாம் ஃபாண்டம் மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் உங்கள் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து வருவதைக் கன்சோலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இதையே செய்யும் கைபேசிச் செயலிகளும் உண்டு. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் இரண்டையும் மனத்தில் வைத்தே இவை பெரும்பாலும் எழுதப்பட்டன. ஸ்விட்ச் வைத்திருப்பவர் கேட்டால், அனுபவமுள்ளவர்கள் கைகாட்டுவது பெயர்வழியைத்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தனி எக்ஸ்பாக்ஸ் கணக்கு ஒன்றைத் திறந்து, அது ஏதோ உலகத்தில் ஆடிக்கொண்டிருப்பதுபோல் அறிவித்து, நண்பராகச் சேர்ந்தவர்களை உள்ளே இழுப்பது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அடிப்படையில் அது பெயர்வழியின் தம்பிதான். இங்கே அதற்குமேல் போகவில்லை.

இரண்டு வழிகளுமே மைன்கிராஃப்டில் பிறந்தவை அல்ல. பக்கத்து வழிக்கு மூத்தது 2003-இல் வந்த எக்ஸ்லிங்க் கை என்ற மென்பொருள். முதல் எக்ஸ்பாக்ஸில் 2001-இல் வெளியான ஹேலோ ஆட்டத்தை இணையத்தில் ஆட வழியில்லை. நான்கு கன்சோலைக் கேபிளால் இணைத்துப் பதினாறு பேர் ஆடலாம், அவ்வளவுதான். எக்ஸ்லிங்க் கை அந்தக் கேபிளின் நீளத்தை இணையத்தின் நீளமாக ஆக்கியது. வேறு வேறு நாட்டுக் கன்சோல்கள் ஒரே அறையில் இருப்பதாக நம்பின. பெயர்வழிக்கு உறவானவை, நிறுவனங்கள் கைவிட்ட சர்வர்களுக்குப் பதிலாக ரசிகர்கள் எழுப்பியவை. நிண்டெண்டோ 2014 மே 20 அன்று வீ, டிஎஸ் கன்சோல்களின் இணையச் சேவையை நிறுத்தியபோது, வீம்ஃபை என்ற மாற்றுச் சேவை அதே ஆண்டில் எழுந்தது. டிஎஸ்ஸில் டிஎன்எஸ் எண்ணை மாற்றினாலே போதுமாக இருந்தது. வீ ஆட்டங்களுக்குக் கூடுதலாகச் சில திருத்தங்கள் தேவைப்பட்டன. முதல் எக்ஸ்பாக்ஸின் லைவ் சேவை 2010 ஏப்ரல் 15 அன்று மூடப்பட்டது. அதையும் இன்சிக்னியா என்ற திட்டம் டிஎன்எஸ் வழியாக மீட்டிருக்கிறது. நிறுவனம் செத்துப்போனது என்று அறிவித்த ஆட்டத்தை, அந்த ஆட்டத்தை விரும்பியவர்கள் ஒரு பெயரைத் திருப்பிவிட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள். இதை நான் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

எக்ஸ்லிங்க் கை காலத்துச் செய்தி ஒன்று நம் ஊருக்கு நேராகப் பொருந்தும். எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, பக்கத்து ஆட்டத்தில் போய்வரும் தாமதம் 30 மில்லிவிநாடியைத் தாண்டினால் சேர்க்கமாட்டேன் என்று மைக்ரோசாஃப்ட் ஓர் எல்லை போட்டது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிவிநாடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். புதுக்கோட்டைக்கும் சிங்கப்பூருக்கும் நேராக ஒரே இழை போட்டால்கூடப் போய்வர 5,880 கிலோமீட்டர். அதாவது 29 மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் மேல். துபாய்க்கும் அதே கணக்குதான். இழை நேராகப் போவதில்லை. நடுவில் எத்தனையோ ரவுட்டர்கள் இருக்கின்றன. ஆகவே அந்த எல்லைக்குள் பொன்னமராவதித் தம்பியும் சிங்கப்பூர் அண்ணனும் எக்ஸ்பாக்ஸ் 360-இல் பக்கத்து ஆட்டம் ஆடவே முடியாது. அதற்கு யாருடைய நெட்டையும் குறை சொல்லிப் பயனில்லை, ஒளியே அவ்வளவு வேகம்தான். மைன்கிராஃப்ட் அப்படி எல்லை போடவில்லை. அதனால்தான் பக்கத்து வழி இன்று நமக்குப் பயன்படுகிறது.

இனி இரண்டையும் உண்மையில் பிரிக்கும் இடத்துக்கு வருவோம். இரண்டிலும் நடுவில் ஓர் இடைநிலையர் இருக்கிறார். பெயர்வழியின் இடைநிலையர் கல்யாணத் தரகரைப்போல: இரு வீட்டையும் அறிமுகம் செய்துவிட்டு விலகிவிடுவார். இடமாற்றக் கட்டளை போனதும் கன்சோலும் சர்வரும் நேராகப் பேசிக்கொள்கின்றன. பெட்ராக்கனெக்ட் ஓடும் கணினி ஐரோப்பாவில் இருந்தாலும், ஆட்டத்தின் தாமதத்தில் அதற்குப் பங்கில்லை. பக்கத்து வழியின் இடைநிலையர் ஆட்டம் முடியும்வரை நடுவில் இருக்கிறார். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கல்லும், எடுக்கும் ஒவ்வோர் அடியும் அவர் வழியாகப் போய்த் திரும்புகிறது.

கேட்டால் பெயர்வழிதான் மேல் என்று தோன்றும். தாமதத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் பக்கத்து வழியின் கூடுதல் தாமதம் வீட்டுக்குள் நடப்பது. இடைமென்பொருள் ஓடும் கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்திருந்தால் ஒன்றிரண்டு மில்லிவிநாடிக்குமேல் போகாது. ஆடுபவருக்குத் தெரியவே தெரியாது. அதையே கைபேசிச் செயலியில் ஓட்டினால் கதை வேறு. ஒவ்வொரு தகவலும் கன்சோலிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து கைபேசிக்கும், கைபேசியிலிருந்து மறுபடி ரவுட்டருக்கும் என்று ஒரே வைஃபைக் காற்றில் மும்முறை பறக்கிறது. போதாக்குறைக்கு, திரை அணைந்ததும் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று கைபேசி அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிடும். 'லேக் அடிக்குது மாமா, வெளியே தள்ளிருச்சு' என்று பிள்ளை கத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சர்வரைத் திட்டுவதற்கு முன் கைபேசித் திரையைப் பார்க்கவேண்டும்.

தாமதத்தைவிடப் பெரிய வேறுபாடு நம்பிக்கையில் இருக்கிறது. பெயர்வழியில் கன்சோலின் டிஎன்எஸ்ஸை மாற்றும்போது, மைன்கிராஃப்டின் கேள்விகள் மட்டும் அங்கே போவதில்லை. அந்தக் கன்சோல் கேட்கும் எல்லாப் பெயர்களும் போகின்றன: கடை, கணக்கு நுழைவு, யூடியூப், மற்ற ஆட்டங்கள். முகம் தெரியாத ஒருவர், எந்த வீட்டுக் கன்சோல் எப்போது எதைத் திறந்தது என்பதைப் பார்க்க முடியும். கடவுச்சொல் போய்விடுமோ என்று அஞ்சவேண்டாம். கடையும் கணக்கு நுழைவும் பாதுகாப்புச் சான்றிதழோடு இயங்குவதால், தவறான இடத்துக்குத் திருப்பினால் கன்சோல் பிழை காட்டி நின்றுவிடும். ஆனால் பார்க்கும் வாய்ப்பு அவர் கைக்குப் போய்விடுகிறது. நல்ல மனத்தோடு இந்தச் சேவையை இலவசமாக நடத்துபவர்கள் பலர். அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். அதற்காக, பத்து வயதுப் பிள்ளையின் கன்சோல் கேட்பதையெல்லாம் ஒரு தெரியாத ஆளிடம் ஒப்படைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பொதுச் சேவை ஒரு நாள் நின்றால் ஆட்டம் மட்டுமல்ல, கன்சோலின் மொத்த நெட்டும் நின்றுபோகும். வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் நெட் வருகிறது, கன்சோலில் மட்டும் வரவில்லை என்று சொல்லி ஃபைபர்காரரை அழைத்து, அவர் வந்து இழையைச் சோதித்துவிட்டுப் போகும் வீடுகள் உண்டு.

பக்கத்து வழியில் இந்தச் சிக்கலே எழாது. கன்சோலில் எதையும் மாற்றுவதில்லை. இடைநிலையர் உங்கள் வீட்டுக் கணினி. அதை அணைத்தால், கன்சோல் பழைய கன்சோல்தான்.

இப்போது புதுக்கோட்டையின் கம்பிகளைப் பார்க்கவேண்டும். எந்த வழி நல்லது என்பதில் பாதியை முடிவு செய்வது அவைதான். ஆசிய பசிபிக் பகுதியில் பழைய வகை ஐபி முகவரிகளின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்குப்பிறகு இணைப்பு வாங்கிய வீடுகளில் பலவற்றுக்குத் தனி முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவிடுகிறார்கள். இதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு முகவரித் தொகுப்பை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற முகவரி என்று காட்டுவது இந்த எண்களில் தொடங்கினால், உங்கள் வீடு அந்த அடுக்கில் இருக்கிறது. வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே யாரும் வரமுடியாது. அப்படிப்பட்ட வீட்டில் சர்வர் வைத்தால், சிங்கப்பூரில் இருக்கும் அப்பா தட்டும் கதவு வீட்டுக்கு எட்டாது. கூடுதல் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். எல்லா நிறுவனமும் எல்லா ஊரிலும் தருவதில்லை.

ஆகவே உலகம் இருக்கும் சர்வரை வெளியே வாடகைக்கு எடுப்பதே நடைமுறை. எந்த ஊரில் எடுப்பது என்பதற்கு மறுபடி தூரக் கணக்குதான். புதுக்கோட்டையிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 340 கிலோமீட்டர், மும்பை 1,160. அமேசான் நிறுவனம் 2016-இல் மும்பையில் மேகக்கணினி மையம் திறந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய ஆண்டே சென்னையிலும் மும்பையிலும் புனேயிலும் திறந்திருந்தது. சிங்கப்பூர்க் குடும்பம் என்றால் சென்னைதான் சரி. 2002-இல் வந்த ஐ2ஐ கேபிளும் 2004-இல் வந்த டாடா கேபிளும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கடியில் நேராகவே போகின்றன; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். துபாய்க் குடும்பத்துக்கு மும்பை நல்லது, மேற்கே போகும் கேபிள்கள் அங்கேதான் அதிகம். அண்ணன் சிங்கப்பூரிலும் அப்பா துபாயிலும் இருக்கும் வீடு என்றால், ஊரிலுள்ள பிள்ளைக்கு எது அருகோ அதை எடுங்கள் என்பேன். பெரியவர்கள் கொஞ்சம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். நேரக் கணக்கும் சேர்ந்து வரும்: இங்கே இரவு ஒன்பது என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை, துபாயில் ஏழரை. 2022 முதல் துபாயிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டதால், நம் பள்ளி விடுமுறையோடு அது பொருந்துகிறது. இது ஒரு பெரிய உதவி.

சர்வர் வெளியே போய்விட்டது. இடைநிலையர் மட்டும் வீட்டில் வேண்டும். அதற்கான கணினி நம் மாவட்டத்தில் பல வீடுகளில் பரணில் தூங்குகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது அக்காவுக்கோ அண்ணனுக்கோ கொடுத்தது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் 2 ஜிபி நினைவகம் இருந்தது. பேட்டரி செத்திருக்கும், விண்டோஸ் ஊர்ந்து போகும். லினக்ஸ் ஒன்றை ஏற்றி, ரவுட்டரோடு கேபிளில் மாட்டிவிட்டால், ஃபாண்டமோ பெட்ராக்கனெக்டோ அதற்குப் பெரிய சுமையே இல்லை. மைன்கிராஃப்டின் சர்வர் மென்பொருள்கூட 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியும் 1 ஜிபி நினைவகமும் இருந்தால் ஓடிவிடும் என்றுதான் நிறுவனமே சொல்கிறது. நாலைந்து பேர் ஆடும் உலகத்துக்கு அது போதும். ஒரு தெருவின் தேவைக்கு அந்த மடிக்கணினி இன்னும் சாகவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். சர்வரையும் இடைமென்பொருளையும் ஒரே கணினியில் ஓட்டினால், இரண்டும் 19132 என்ற ஒரே கதவுக்கு அடித்துக்கொள்ளும். சர்வரின் அமைப்புக் கோப்பில் அதன் எண்ணை வேறாக மாற்றிவிடவேண்டும். 19133 ஏற்கெனவே அடுத்த தலைமுறை முகவரிகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதால் அதையும் தவிர்த்து 19134 என்று போடுவது வழக்கம்.

காற்றடிக்கும் காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரத் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டு போனபோது, மின்கம்பங்களும் பல்லாயிரக்கணக்கில் விழுந்தன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆன ஊர்கள் உண்டு. நம் வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் கட்டித்தான் வருகிறது. சாதாரண ஆடிக் காற்றிலும் எங்காவது ஒரு கிளை விழுந்து அறுந்துபோகும். வெளி நெட் அறுந்தால் பெயர்வழி முழுதாக நின்றுவிடும்: பட்டியலைத் திறக்கவே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். பக்கத்து வழியைப் பழகிய வீட்டில், அதே மடிக்கணினியில் உலகத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டால், இன்வெர்ட்டர் இருக்கும்வரை அண்ணனும் தங்கையும் வீட்டுக்குள் ஆடலாம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும் இதே கதைதான். அப்பா மட்டும் அன்றைக்கு வரமுடியாது.

சந்தாவைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தில் கூடி ஆட மூன்று கன்சோல்களுமே மைன்கிராஃப்டுக்குப் பணம் கேட்கின்றன. பிள்ளையின் கணக்கு சிறுவர் கணக்காக இருந்தால், பிறரோடு சேர்ந்து ஆட அனுமதி என்பதைப் பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்து திறந்துவிட வேண்டும். 'கனெக்ட் ஆகல' என்று சொல்லும் வீடுகளில் இந்தப் பூட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அதைத் திறந்த கையோடு, சர்வரின் அமைப்பில் அனுமதிப் பட்டியலை இயக்கி, குடும்பத்தாரின் பெயர்களை மட்டும் அதில் எழுதிவிடுங்கள். வாடகைக் கணினியின் முகவரி பொதுவெளியில் இருப்பது. திறந்திருக்கும் கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே திரியும் நிரல்கள் உலகெங்கும் ஓடுகின்றன. குடும்பம் கட்டிய வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்பதைப் பிள்ளை பார்க்கவேண்டியதில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பாக்ஸோ பிளேஸ்டேஷனோ இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வழிதான், அதுவும் கேபிளில் மாட்டிய கணினியோடு. தாமதத்தில் அது இழக்கும் ஒன்றிரண்டு மில்லிவிநாடியைவிட, கன்சோலின் கேள்விகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது பெரிது. கைபேசிச் செயலியை, வழி ஒத்துவருகிறதா என்று சோதித்துப் பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

ஸ்விட்ச் வீட்டுக்குப் பெயர்வழிதான். ஆனால் பிறர் நடத்தும் டிஎன்எஸ் வேண்டாம். பெட்ராக்கனெக்டின் நிரல் எல்லோருக்கும் திறந்தது. அதையும் ஒரு சிறு டிஎன்எஸ் மென்பொருளையும் அதே மடிக்கணினியில் ஓட்டி, ஹைவ் அல்லது கியூப்கிராஃப்டின் பெயருக்கு மட்டும் மடிக்கணினியின் முகவரியைப் பதிலாகக் கொடுத்து, மற்ற எல்லாக் கேள்விகளையும் வழக்கமான சேவைக்கு அனுப்பிவிடலாம். மடிக்கணினிக்கு ரவுட்டரில் ஒரு நிலையான உள்முகவரியை ஒதுக்கி, அந்த எண்ணை ஸ்விட்சின் டிஎன்எஸ் இடத்தில் எழுதவேண்டும். வெளியே போகும் டிஎன்எஸ் கேள்விகளைச் சில இணைப்புகளில் வழியிலேயே மறித்துத் தங்கள் பதிலைக் கொடுப்பார்கள்; வெளியாரின் டிஎன்எஸ் எண்ணைப் போட்டும் ஒன்றும் மாறவில்லையென்றால் காரணம் அதுவாக இருக்கலாம். வீட்டுக்குள் நடக்கும் கேள்வி பதிலில் யாரும் குறுக்கிட முடியாது. இதையே வாடகைக் கணினியில் வைக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. எல்லோருக்கும் பதில் சொல்லும் டிஎன்எஸ் ஒன்றைப் பொதுவெளியில் திறந்து வைத்தால், அதைக் கருவியாக்கி வேறு யாரையோ தாக்குவதற்கு ஆள்கள் வந்துவிடுவார்கள். வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் உங்கள் கணக்கையே நிறுத்தும்.

மடிக்கணினி அணைந்திருக்கும் நாளில் ஸ்விட்சின் நெட் முழுவதும் நின்றுவிடுமே என்று இரண்டாவது டிஎன்எஸ் இடத்தில் வழக்கமான சேவையின் எண்ணைப் போடத் தோன்றும். போட்டால், சில நேரம் கன்சோல் அதனிடம் கேட்டு உண்மையான ஹைவுக்கே போய்விடும். பிள்ளைக்கு ஒரு நாள் குடும்ப உலகம், ஒரு நாள் அந்நியர் கூட்டம். அதற்குப் பதிலாக, ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். ஸ்விட்ச் ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் தனித்தனியாக அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்றில் மாற்றிய டிஎன்எஸ், மற்றதில் தானியங்கி. அப்பாவோடு ஆடும்போது முதல் பெயர். மற்ற நேரமெல்லாம் இரண்டாவது. பிள்ளையே மாற்றிக்கொள்ளும், யாரையும் கூப்பிடவேண்டியதில்லை.